தூண்டில்காரரின் நோட்டுப் புத்தகம்

கர்நாடகத்தில் சிவசமுத்திரம் அருவியைத் தாண்டியதும் காவிரி காட்டுக்குள் நுழைகிறது. தொட்டமக்கலி, பீமேஸ்வரி, கலிபோர் என்று மேகதாது வரை ஆழமான மடுக்களும் பாறைச் சரிவுகளுமாக ஓடுகிறது. மகசீர் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒரு மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். அந்த அளவு மீனைத் தேடி 2012 வரை உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இங்கிருந்த தூண்டில் முகாம்களுக்கு வந்தார்கள்.

முகாமின் விதி கண்டிப்பானது. ராகி மாவு உருண்டையை இரையாகக் கோத்துப் பிடிக்கலாம். எடை போடலாம், படம் எடுக்கலாம். பிறகு மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். வழிகாட்டிகளில் சிலர் முன்பு இதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மீன் உயிரோடு இருந்தால்தான் கூலி என்றானபோது அவர்களே ஆற்றுக்குக் காவலானார்கள். தோட்டா வெடித்து மீன் பிடிக்க வருகிறவனை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் தரப்பட்டதும், 2012-இல் எல்லாம் நின்றது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள் மாட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. அதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் தடையோடு சேர்ந்து இன்னொன்றும் நின்றுபோனது. யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன எடையில் எந்த மீன் கிடைத்தது என்று கலிபோர் முகாமில் எழுதிவந்த நோட்டுகளும் 2012-ஓடு முடிந்துவிட்டன.

அவற்றை ஆராய்ச்சியாளர்கள் பின்னால் அலசினார்கள். 1998 முதல் 2012 வரை 6,000-க்கு மேற்பட்ட மகசீர்கள் பதிவாகியிருந்தன. வருடாவருடம் மீன் கூடிக்கொண்டே வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றிக்கதை. இனவாரியாகப் பிரித்தபோது கதை மாறியது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். மகாராஷ்டிரத்தின் லோனாவாலா குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து 1970-களில் தொடங்கிக் காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட வெளியூர் இனம். காவிரிக்கே உரிய திமில் மகசீரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருந்தது. அகப்பட்ட சிலவும் பெரிய, வயதான மீன்கள். குட்டி மீன்களைக் காணோம். அதாவது, அடுத்த தலைமுறை உருவாகவில்லை.

நல்லெண்ணத்தோடு செய்த வேலை இது என்பதுதான் எனக்குப் பெரும் வேதனை. மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் குஞ்சுகளை விட்டார்கள். ஆனால் எந்த மகசீர் என்று யாரும் கேட்கவில்லை. உலகப் புகழ் பெற்ற திமில் மகசீருக்கு அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது: டோர் ரேமதேவி. அதே ஆண்டு அது மிக அருகிவிட்ட இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் உறுதியாக உதவிய மீன்கள் கிடைத்தது நம் பக்கத்தில், முதுமலையை ஒட்டி ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாற்றில்.

தூண்டிலைத் தடுத்துவிட்டால் மீன் பிழைத்துவிடும் என்று நினைப்பது எளிது. ஆனால் அணைகள் மீனின் வலசைப் பாதையை மறித்திருக்கின்றன; மணல் அள்ளுகிறார்கள்; வெடி இன்னும் ஓயவில்லை. மேகதாதுவில் திட்டமிடப்பட்டுள்ள அணை வந்தால் மேலே சொன்ன காட்டாற்றுப் பகுதியில் ஒரு பங்கு நீரில் மூழ்கும். கர்நாடகமும் தமிழ்நாடும் டி.எம்.சி. கணக்கில் சண்டையிடுகிறோம், அந்த வாதங்களில் மீனுக்கு ஒரு வரிகூட இல்லை.

இனி வரும் விதிகள் எப்படி இருக்க வேண்டும்? மோயாற்றில், திமில் மகசீர் எஞ்சியிருக்கும் இடங்களில், பொழுதுபோக்குத் தூண்டிலே கூடாது. அங்கே கணக்கெடுப்பு மட்டும் நடக்கட்டும். சரணாலயங்களுக்கு வெளியே உரிமம் கொடுக்கலாம். அங்கே மீனின் வாயைக் கிழிக்காத, எதிர்முள் இல்லாத தூண்டில்தான் அனுமதி. மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கி நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் முட்டையிட மீன் ஆற்றை எதிர்த்து ஏறும் மாதங்களில் தூண்டிலுக்கு விடுமுறை. உரிமத்தின் முதல் நிபந்தனை பதிவேடு. இனம், எடை, இடம், நேரம் எழுதித் தராதவருக்கு அடுத்த ஆண்டு உரிமம் இல்லை. உரிமப் பணத்தில் ஒரு பங்கு கரையோர ஊர்களின் காவலர் சம்பளமாகப் போக வேண்டும்.

குஞ்சு விடுவதற்கும் இதே கண்டிப்பு வேண்டும். தாய்மீன் எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று மரபணுச் சோதனையில் உறுதியாகும்வரை காவிரியிலோ அதன் துணையாறுகளிலோ ஒரு மகசீர்க் குஞ்சைக்கூட விடக் கூடாது. 2022-இல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்த தமிழ்நாடு அரசு, யானைக்கும் புலிக்கும் எடுப்பதுபோல அந்த ஆற்றின் மீனுக்கும் கணக்கெடுக்க வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். மடு எது, நீர்ச்சுழி எது என்று தெரிந்த பரிசல்காரர்கள் ஒகேனக்கல்லில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கையில் ஒரு நோட்டும் கொடுத்தால், இந்த ஆண்டே தொடங்கலாம்.