நீங்களே சொல்லுங்கள், எந்தக் குதிரை ஜெயிக்கும்?



பந்தயம் முடிந்த பிறகு யார் முதலில் வந்தார் என்று சொல்வது சுலபம். ஓடுவதற்கு முன்பே சொல்ல முடியுமா? இன்று அப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பணம் கட்டுவது சூதாட்டம். அது நமக்கு வேண்டாம். வெறும் மனக்கணக்குதான்!

ஜப்பானில் ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் 'அரிமா கினென்' என்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. டோக்கியோவுக்குப் பக்கத்தில், சீபா மாநிலத்தில் உள்ள நகயாமா மைதானத்தில்தான் இந்தப் போட்டி. இதில் ஒரு புதுமை உண்டு. எந்தெந்தக் குதிரைகள் ஓட வேண்டும் என்று ரசிகர்களே ஓட்டுப் போடுவார்கள்! பேஸ்பாலில் ரசிகர்கள் நட்சத்திர வீரர்களைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து, 1956-ல் இந்த முறையைக் கொண்டு வந்தவர் அரிமா யோரியாசு. அப்போது ஜப்பான் பந்தயக் கழகத் தலைவராக இருந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர் காலமானதால், பந்தயத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 'கினென்' என்றால் நினைவு.

தூரம் 2,500 மீட்டர். ஆறு வளைவுகள். கடைசி நேர்ப்பாதை 310 மீட்டர்தான். அதிலும் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான மேடு. அந்த மேட்டைக் குதிரைகள் இரண்டு முறை ஏற வேண்டும். வேகம் மட்டும் இருந்தால் போதாது; மூச்சும் நிற்க வேண்டும்!

சரி, இப்போது நாம் 1993 டிசம்பர் 26-ம் தேதிக் காலைக்குப் போவோம். பந்தயம் இன்னும் தொடங்கவில்லை. 14 குதிரைகள் தயார். முக்கியமானவற்றைப் பாருங்கள்.

1. பீவா ஹயாஹிடே: சாம்பல் நிறக் குதிரை. அதுவரை ஓடிய எந்தப் பந்தயத்திலும் இரண்டாம் இடத்துக்குக் கீழே போனதே இல்லை. எல்லோரும் இதைத்தான் நம்பினார்கள்.

2. லெகசி வேர்ல்ட்: ஒரு மாதத்துக்கு முன்புதான் வெளிநாட்டுக் குதிரைகளையும் தோற்கடித்து 'ஜப்பான் கோப்பை'யை வென்றது.

3. வின்னிங் டிக்கெட்: அந்த ஆண்டின் ஜப்பான் டெர்பியில் முதலிடம். அதில் இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? பீவா ஹயாஹிடே!

4. டோக்காய் டெயோ: 'டெயோ' என்றால் பேரரசர். 1991-ல் டெர்பியை வென்ற குதிரை. ஆனால் அதற்கு மூன்று முறை கால் எலும்பு முறிந்துவிட்டது. கடைசியாக ஓடியது முந்தைய ஆண்டு அரிமா கினென்னில்; வந்தது 11-வது இடம். அதன் பிறகு ஓர் ஆண்டாக எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

5. நைஸ் நேச்சர்: 1991-ல் இதே பந்தயத்தில் மூன்றாம் இடம். 1992-லும் மூன்றாம் இடம்.

குதிரைக்குக் கால் முறிவது சாதாரண விஷயம் அல்ல, குழந்தைகளே! அதன் எடை சுமார் 500 கிலோ. முழங்காலுக்குக் கீழே எலும்பும் தசைநாரும் தோலும்தான், சதைப்பிடிப்பே இருக்காது. நம்மைப் போல மாதக்கணக்கில் படுத்திருக்கவும் அதனால் முடியாது. அதனால் கால் முறிந்த பல குதிரைகள் மறுபடி ஓடுவதில்லை. சில உயிரையே இழந்துவிடுகின்றன.

உங்கள் விடையை ஒரு தாளில் எழுதிவிட்டீர்களா? இப்போது பந்தயத்தைப் பார்ப்போம்.

கடைசி வளைவில் பீவா ஹயாஹிடே முன்னால் வந்துவிட்டது. 'முடிந்தது, இதுதான் ஜெயிக்கும்' என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரே ஒரு குதிரை நெருங்கி வந்தது. டோக்காய் டெயோ! மேட்டில் இரண்டும் மோதின. முடிவுக் கோட்டை டெயோ அரைக் குதிரை நீளம் முந்திக் கடந்தது. 364 நாட்கள் ஓடாமல் இருந்த குதிரை! அதன் மேல் அமர்ந்து வந்த ஜாக்கி தபாரா செய்கி பேட்டி கொடுக்கும்போது அழுதே விட்டார். டெயோ ஓடிய கடைசிப் பந்தயம் அதுதான். மொத்தம் 12 பந்தயங்கள், 9 வெற்றிகள்.

நம் கணக்கு எங்கே தப்பியது? பழைய மதிப்பெண்களை மட்டும் வைத்துக் கூட்டினோம். கால் ஆறும்வரை அவசரப்படாமல் காத்திருந்தவர்களின் பொறுமையும், லாயத்தில் தினமும் அந்தக் காலைத் தடவிப் பார்த்துக் கவனித்தவர்களின் உழைப்பும் எந்தப் பட்டியலிலும் இல்லையே!

அதுசரி, நைஸ் நேச்சர் என்ன ஆயிற்று? மறுபடியும் மூன்றாம் இடம்! தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மூன்றாவதாக வந்த அந்தக் குதிரையை ஜப்பானியர்கள் மறக்கவே இல்லை. அதன் முதுமையில், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரசிகர்கள் நன்கொடை அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற மற்ற குதிரைகளுக்குத் தீவனமும் இருப்பிடமும் தர அந்தப் பணம் உதவியது. 2023-ல் தன் 35-வது வயதில் நைஸ் நேச்சர் இறந்தது.

இப்போது இன்னொரு கேள்வி. அந்த 14 குதிரைகளில், உங்கள் ஓட்டு எதற்கு?