இந்த வாரம் யார் முறை?

கடைசிப் பாடவேளை முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. வந்தவர்களை வழியனுப்பத்தான் பாட்டு போடுகிறார்கள் என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார் அந்த மாணவி. டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி அது. இவர் காவிரி டெல்டாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து போனவர். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. பாட்டு ஆரம்பித்ததுமே நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்தன. மேசைகள் பின்பக்கமாக நகர்ந்தன. நாலு பேர் துடைப்பம் எடுத்தார்கள், இரண்டு பேர் கரும்பலகைக்குப் போனார்கள், மற்றவர்கள் ஈரத்துணியோடு தரையில் குனிந்தார்கள். காலையிலிருந்து இவருக்குத் துணையாகக் கூடவே வந்த ஜப்பானிய மாணவி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். எங்கே போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், கழிப்பறைக்கு.

“எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுக்கா. அந்தப் புள்ள ஏதோ தப்பு செஞ்சிருக்கும், அதான் பனிஷ்மென்ட்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா அவங்க கிளாஸ் டீச்சரும் உள்ள நின்னு வாஷ்பேசினைத் தேய்ச்சிக்கிட்டிருக்காரு.”

படிப்புப் பயணமாக வெளிநாடு போய் வந்த பிள்ளைகள் பலரிடம் இந்தக் கட்டுரைக்காகப் பேசினேன். முதல் விமானம், முதல் குளிர், சோற்றுக்கு ஏங்கிய வயிறு என்று எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. அவற்றையெல்லாம் எழுதலாம் என்றுதான் குறிப்பெடுத்தேன். இந்த மாணவி சொன்ன இருபது நிமிடத்தைக் கேட்ட பிறகு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. அவருடைய பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் அப்பா கேட்டுக்கொண்டார். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். ஏன் வேண்டாம் என்றார் என்பது போகப்போகப் புரியும்.

பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கான இன்ஸ்பையர் மானக் விருதுக்குத் தேர்வாகி, 10,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுந்து, அதில் மாதிரி செய்து, மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போனது அவருடைய கருவி. நடவு வயலில் புதைத்த பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு மிதவை. தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வரப்பில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். அந்த வழியில் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தில் இடம் கிடைத்தது. 2014இலிருந்து வெளிநாட்டு இளையவர்களைச் சில நாள்களுக்கு ஜப்பானுக்கு அழைத்துப்போகும் திட்டம்தான், செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சுகுபா விண்வெளி மையத்தில், விண்வெளி நிலையத்திலுள்ள கிபோ ஆய்வுக்கூடத்தின் மாதிரியைப் பார்த்திருக்கிறார். மிராய்கான் அருங்காட்சியகத்தில், 6 மீட்டர் விட்டத்தில் தலைக்கு மேலே தொங்கும் பூமி உருண்டையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. ஊர் திரும்பியதும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். உருண்டையைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். கழிப்பறையைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னார். வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கும் தெருவிலிருந்து வருகிறவர் அந்தத் தோழி.

“நெஜமாவாடி? எல்லாரும் கழுவுவாங்களா?”

“எல்லாரும்.”

“ஹெச்.எம். வீட்டுப் புள்ளையா இருந்தாலுமா?”

“அவுங்க முறை வந்தா அவுங்களும்தான்.”

தோழி நம்பவில்லை. படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். போனில் இருந்த நூற்றுக்கணக்கான படங்களில் கழிப்பறைப் படம் ஒன்றுகூட இல்லை.

இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார் மாணவி. பிறகு சொன்னார்: “எங்க கிளாஸ்ல பாத்ரூம் கழுவணும்னா டீச்சர் யார் பேரும் சொல்ல மாட்டாங்கக்கா. ‘போய்ட்டு வாங்க’ன்னு கைய மட்டும் காட்டுவாங்க. யாரு எந்திரிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். என்னை ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. அது ஏன்னு நான் ஜப்பான்லதான் யோசிச்சேன்.”

பதினாறு வயதில் ஒரு பெண் இதை யோசிப்பதற்கு ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்திருக்கிறது. இந்தக் கட்டுரை இனி அதைப் பற்றித்தான்.

ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள் என்ற காணொளி நம் எல்லோருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அதோடு, அங்கே பள்ளிகளில் பணியாளரே கிடையாது என்று ஒரு வரியும் வரும். அது தவறு. பழுதுபார்க்கவும் வளாகத்தைப் பராமரிக்கவும் அங்கும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அன்றாடம் சேரும் தூசியும் குப்பையும்தான் பிள்ளைகளின் பொறுப்பு. அதற்கு சோஜி என்று பெயர். பதினைந்து, இருபது நிமிட வேலை. தொடக்கப் பள்ளி முதல் வகுப்பிலேயே ஆரம்பமாகிவிடும். பழைய துண்டை மடித்துத் தைத்த துடைப்புத் துணியை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். குட்டிப் பிள்ளைகளுக்குத் துணியைப் பிழியச் சொல்லித்தருவது பெரிய வகுப்புப் பிள்ளைகள். பௌத்த மடங்களில் பெருக்குவதும் துடைப்பதும் துறவியின் பயிற்சியில் அடக்கம் என்பதால் அந்தப் பழக்கம் பள்ளிக்கும் வந்தது என்பார்கள். எகிப்து 2018இல் ஜப்பானிய முறைப் பள்ளிகளைத் திறந்தபோது இதையும் சேர்த்தே கொண்டுபோனது. சிங்கப்பூர் 2016இல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களின் அன்றாடத் துப்புரவைக் கொண்டுவரத் தொடங்கியது.

நம் மாணவியைக் கவர்ந்தது துடைப்பமோ துணியோ இல்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஓர் அட்டைச் சக்கரம். பெரிய வட்டத்தின்மேல் சின்ன வட்டம். வெளிவட்டத்தில் இடங்கள்: வகுப்பறை, தாழ்வாரம், படிக்கட்டு, காலணி அடுக்கும் இடம், கழிப்பறை. உள்வட்டத்தில் குழுக்கள். வாரத்துக்கு ஒருமுறை உள்வட்டத்தை ஒரு கட்டம் நகர்த்துகிறார்கள். இந்த வாரம் படிக்கட்டு என்றால் அடுத்த வாரம் வேறிடம். யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியதில்லை. யாருடைய மகன், எந்தத் தெரு என்பது அட்டைக்குத் தெரியாது.

இப்படி ஒரு முறை நமக்குப் புதிதும் இல்லை. பெரிய வளாகத்தில் ஏழெட்டுக் குடித்தனம் இருந்த காலத்தில் முறைவாசல் என்று ஒன்று இருந்தது. இன்று முதல் வீடு, நாளை அடுத்த வீடு. வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டியது அவரவர் முறை. முறையை மறந்தால் அன்று முழுக்கச் சண்டைதான். வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வாசல்வரைதான் அந்த முறை செல்லுபடியானது. கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்கு முறை கிடையாது. அதற்கு ஒருவர் சந்து வழியாக வருவார். வந்த வழியே போய்விடுவார். அந்த ஒருவர் எந்தச் சாதியென்று கேட்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1901இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பிடங்கள் நாறிக் கிடந்ததைக் காட்டி காந்தி தொண்டர்களிடம் கேட்டார். அது தோட்டியின் வேலை என்று பதில் வந்தது. அவர் துடைப்பத்தை வாங்கித் தனக்குத் தேவையான இடத்தைத் தானே கழுவிக்கொண்டார். நாட்டுக்காகக் கூடிய படித்தவர்களின் சபையில் நடந்தது இது. தீண்டாமையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு 1950இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தன. இத்தனைக்குப் பிறகும், குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் பள்ளிகளிலிருந்து செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டு நாள் பரபரப்பு, ஒரு விசாரணை, ஒரு பணியிடை நீக்கம். பிறகு அடுத்த செய்திவரை மறந்துவிடுகிறோம்.

என் அச்சம் அந்தச் செய்திகளைவிட, செய்தியாகாத கைகாட்டலைப் பற்றியது. எதுவும் எழுதப்படுவதில்லை, யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. புகார் கொடுக்க ஒரு வார்த்தைகூட மிஞ்சுவதில்லை. எழுந்து போகிற பிள்ளைக்குத் தன் இடம் எது என்று அந்தக் கை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அதே கைதான் பாடம் நடத்துகிறது. இரண்டாவது பாடம் இன்னும் ஆழமாக இறங்கும். ஏனென்றால் அது வலிப்பதில்லை. பதினோரு வருடம் பள்ளியில் உட்கார்ந்திருந்தும் நம் மாணவிக்கு அது உறைக்கவே இல்லை. நன்றாகப் படிக்கிற, நல்ல மனமுள்ள, தோழியோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற பெண் அவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒருவரிடமே இது இப்படி வேலை செய்கிறதென்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

ஜப்பானை நான் உயரத்தில் ஏற்றி வைக்கவில்லை. தோல், இறைச்சி வேலைகளைச் செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைத்த நாடு அது. 1871இல் அரசாணை போட்டு அந்தப் பிரிவினையை நீக்கினார்கள், ஒதுக்கல் நிற்கவில்லை. 1922 மார்ச்சில் கியோட்டோவில் கூடிய, புராக்கு என்று அழைக்கப்பட்ட அந்த மக்கள் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கித் தாங்களே குரல் எழுப்பினார்கள். அதற்கும் முன்பே, 1906இல், ஷிமசாகி தோசோன் எழுதிய ‘ஹகாய்’ நாவலின் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். பிறப்பை மறைத்து வாழச் சொன்ன அப்பாவின் கட்டளைக்கும் மனசாட்சிக்கும் நடுவே தவிக்கிறவர். 2016இல்கூட இந்தப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று அங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. அட்டைச் சக்கரம் ஒரு நாட்டைத் திருத்திவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளியில், அந்த வாரம், கழிப்பறைக்கு யார் போவது என்ற கேள்விக்குப் பிறப்பில் பதில் தேடப்படவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோமா, பெருக்க அனுப்புகிறோமா என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள்; எந்தப் பிள்ளையும் எந்தத் துப்புரவும் செய்யக் கூடாது என்று சொல்லும் குழந்தை உரிமை ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் உண்டு. எனக்கு இன்னும் பெரிய பயம் ஜப்பானைப் புகழ்கிறவர்களைப் பார்த்துத்தான். “அங்கே பிள்ளைகள் செய்கிறார்களே, இங்கே செய்தால் என்ன?” என்று அந்தக் காணொளியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, துடைப்பத்தைப் பழைய கைகளிலேயே திணிக்க அது வசதியாகிவிடும். சக்கரத்தை விட்டுவிட்டுத் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்வதென்றால், எதையுமே கொண்டுவர வேண்டாம்.

நம் மாணவி கொண்டுவந்த செய்தி அவருடைய அறிவியல் ஆசிரியைக்குப் போனது. தோழிக்கு அடுத்து அவரிடம்தான் சொல்லியிருக்கிறார். ஆசிரியை ஒரு காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி எடுத்துவந்தார். முதலில் தன் பெயரை எழுதினார். அப்புறம் ரோல் நம்பர் வரிசையில் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார். பெஞ்ச் வரிசையில் பிரித்தால் பழையபடி தெருவாரியாகத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். வகுப்பறை, வராந்தா, சத்துணவுக்கூடத்துக்கு வெளியே கை கழுவும் இடம், மரத்தடி. அவ்வளவுதான் வெளிவட்டத்தில்.

இரண்டாவது வாரமே ஒருவர் வந்து கத்திவிட்டுப் போனார். தன் மகனை யார் யாரோடு சேர்த்து விளக்குமாறு பிடிக்கவைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. பெருக்கச் சொன்னதை அவர் குறைசொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் கிளப்பிவிட்டது ஜப்பான் போய் வந்த பெண்தான் என்று ஊரில் பேச்சு. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஊரில் நாலு பேர் வேலை கொடுத்தால்தான் பிழைப்பு. பெயர் வேண்டாம் என்று அந்த அப்பா சொன்னதற்குக் காரணம் இதுதான். மகளை ஒரு வார்த்தை கடிந்துகொண்டாரா என்று கேட்டேன். “அது செஞ்சது தப்பில்லீங்களே” என்றார்.

தலைமையாசிரியர் சக்கரத்தை எடுக்கச் சொல்லவில்லை. கழிப்பறையையும் அதில் சேர்க்கலாமா என்று பிள்ளைகளே கேட்டபோது, இப்போது வேண்டாம் என்றார். காரணமும் சொன்னார். பெண்கள் கழிப்பறையில் இரண்டு குழாய்கள் ஒழுகுகின்றன, மூன்றாவதில் தண்ணீரே வருவதில்லை. கையுறை கிடையாது. கழுவ வரும் அம்மாவுக்குக் கூலியே மாதக் கணக்கில் தள்ளித்தான் வருகிறது. அவர் கொண்டுவரும் ஆசிட் பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. தலைமையாசிரியர் சொன்னது சரி. குழாய் ஓடட்டும், கையுறையும் சோப்பு நீரும் வரட்டும், அந்த அம்மாவின் கூலி மாதம் பிறந்ததும் கைக்கு வரட்டும். கழிவுத் தொட்டி பக்கம் எந்தப் பிள்ளையும் எந்தக் காலத்திலும் போகக் கூடாது. அதன் பிறகு கழிப்பறையையும் வெளிவட்டத்தில் எழுதலாம். ஆசிரியர் பெயரும் தலைமையாசிரியர் பெயரும் உள்வட்டத்தில் இருக்குமானால். அதுவரைக்கும் ‘போய்ட்டு வாங்க’ என்று எந்த வகுப்பிலும் யாருடைய கையும் எந்தப் பிள்ளையை நோக்கியும் நீளக் கூடாது. இதற்குச் சுற்றறிக்கையும் தேவையில்லை, ஜப்பானும் தேவையில்லை. நாளைக் காலையிலிருந்தே நிறுத்திவிடலாம்.