மருந்துகளைப் பற்றிய மக்கள் கருத்தைக் கணித்தல்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், கல்கத்தாவை அடுத்துள்ள சாந்த்ராகாச்சியிலிருந்து சென்னைக்கு ரயில் வண்டிகள் புறப்படுகின்றன. சிகிச்சை நாடித் தென்னாட்டிற்குச் செல்லும் வங்காளிகள் பலர். எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது, எது வாந்தியை உண்டாக்கியது, எது கொடுத்த விலைக்குத் தகாதது என்னும் பேச்சு முன்னாளில் வண்டியோடு முடிந்துவிடும். இந்நாளில் அது கைத்தொலைபேசி வழியாகச் சமூக ஊடகங்களில் எழுத்தாகப் பதிவாகின்றது. ஆகவே அதனைத் திரட்டி ஆராய்தல் விஞ்ஞானிகளுக்கு இயலுவதாயிற்று.

ஆராயும் முறை பின்வருமாறு. ஒரு மருந்தின் பெயர் காணப்படும் பதிவுகளைக் கணிப்பொறி முதலில் திரட்டுகின்றது. பெயரை மக்கள் பலவாறு பிழைபட எழுதுவராதலின், அவ்வடிவங்களும் தேடப்படும். பின்னர்ப் பயிற்சி பெற்றோர் சில ஆயிரம் பதிவுகளைப் படித்து, இது புகழ்ச்சி, இது குறை, இது வெறுஞ் செய்தி எனக் குறியிடுவர். அக்குறிகளைக் கொண்டு கணிப்பொறி ஏனையவற்றைத் தானே வகைப்படுத்தும்.

இடர்ப்பாடு மொழியில் உள்ளது. “மாத்திரை விழுங்கியதும் தலை சுற்றுகிறது” என்பது பக்க விளைவைக் கூறும் புகார். “மாத்திரையின் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது” என்பதோ விலையைப் பற்றிய முறையீடு. வங்காளியிலும் இதே வழக்கு உண்டு. சொற்களை மட்டும் எண்ணும் இயந்திரம் இரண்டையும் மயக்கம் என்றே கணக்கிடும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இது புதிதன்று! தாய்மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் இச்சிக்கலைப் பெருக்குகின்றது.

மக்கள் கருத்து எவ்வளவு விரைவில் பரவும் என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு 21-ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மருந்தைக் கொரோனா நோய்க்குப் புகழ்ந்து சமூக ஊடகத்தில் எழுதினார். மூட்டுவாத நோயாளிகள் நாள்தோறும் உட்கொள்ளும் அம்மருந்தை நோயற்றோரும் வாங்கத் தலைப்பட்டனர். ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் நிறுவிய கல்கத்தா பெங்கால் கெமிக்கல்ஸ் தொழிற்சாலையின் பெயர்கூட அந்நாட்களில் செய்திகளில் அடிபட்டது. மார்ச்சு 26-ஆம் நாள் மத்திய அரசாங்கம் அதன் சில்லறை விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஜூன் மாதத்தில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அம்மருந்தால் பயனில்லை என அறிவித்தது. புகழ்ச்சியின் அளவைக் கணிப்பொறி சரியாகவே எண்ணியிருப்பினும், மருந்தின் குணத்தை அவ்வெண் கூறியிராது.

வேறொரு குறையும் உண்டு. ஐரோப்பாவில் 2014 முதல் 2017 வரை நடைபெற்ற ‘வெப்-ராடர்’ என்னும் திட்டம், புதிய பக்க விளைவுகளைப் பொதுவாகக் கண்டறிதற்குச் சமூக ஊடகப் பதிவுகள் ஏற்றவையல்ல என்ற முடிவுக்கு வந்தது. உட்கொண்டவர் யார், எந்த மருந்து, என்ன நேர்ந்தது, தெரிவிப்பவர் யார் என்னும் நான்கும் ஓர் அறிக்கைக்கு இன்றியமையாதன. பதிவுகளில் இவை ஒருங்கே அமைதல் அரிது.

களப்பணியாளரும் ஆசிரியரும் நேரிற் கேட்டு இந்நான்கையும் எளிதில் பெறலாம். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தேசிய மையம், காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இயங்குகின்றது. பொதுமக்களே நிரப்பத்தக்க படிவம் தமிழிலும் வங்காளியிலும் உண்டு. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். மருந்துதான் காரணம் என்று உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஐயம் ஒன்றே போதும்.