இரண்டாகப் பிரியும் ரொட்டி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். மூ ஷூ போர்க் செய்ய ஆசை, ஆனால் மந்தைவெளியில் வாடகை வீடு, கீழே சைவ ஓனர் என்று தயங்குகிறீர்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் இதில் பட்டை, சோம்பு தாளிப்பு எதுவும் கிடையாது. கறி வாணலியில் கிடப்பதே ஐந்து நிமிடம். ஜன்னல் வழியாகப் போவது பூண்டும் சோயா சாஸும் கலந்த வாசம். ஃப்ரைடு ரைஸ் என்றுதான் நினைப்பார்கள்.

கறியும் கொஞ்சம்தான், நாலு பேருக்குக் கால் கிலோ. வடசீனத்தில், ஷாண்டோங் வட்டாரத்தின் வீட்டுச் சமையல் இது: மெல்லியதாக அரிந்த பன்றிக்கறி, முட்டைப் பொடிமாஸ், ஊறவைத்த மரக்காளான், வெள்ளரி. அங்கே பெரும்பாலும் சோற்றோடுதான் சாப்பிடுகிறார்கள். மெல்லிய ரொட்டியில் இனிப்பும் உப்புமான ஹாய்சின் சாஸைத் தடவிச் சுருட்டித் தருவது 1960களிலிருந்து அமெரிக்கச் சீன ஓட்டல்கள் பரப்பிய பழக்கம். முட்டைக்கோஸ் உள்ளே வந்ததும் அங்கேதான். ரொட்டி மட்டும் அசல் சீனச் சரக்கு. பெய்ஜிங் வாத்துக்கறிக்குத் துணை வைப்பதும் இந்த ரொட்டிதான். பிப்ரவரி தொடக்கத்தில் வசந்தம் பிறக்கும் நாளில் காய்கறி சுருட்டித் தின்பதும் இதில்தான். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ சொந்தக்காரர் இருந்தால் போப்பியா தின்றிருப்பீர்கள். அது தெற்குச் சீனத்துப் பங்காளி.

என்னைக் கேட்டால் இந்தப் பண்டத்தில் வேலை என்று ஒன்று இருந்தால் அது ரொட்டியில்தான். கறி தானாக நடந்துவிடும்.

இரண்டு கப் மைதாவில் முக்கால் கப் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் வெந்நீர் ஊற்றுகிறோமே, அதே காரியம். கொதிநீர் பட்டதும் மாவுச்சத்து பாதி வெந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. கோதுமைக்கே உரிய இழுவை அடங்கிவிடுகிறது. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், இங்கே வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவைத் தேய்த்தால் சுருங்கிச் சுருங்கித் திரும்பி வரும். இது தேய்த்த இடத்திலேயே கிடக்கும். கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோதுமை மாவிலும் வரும், ஆனால் தவிடு இருப்பதால் இவ்வளவு மெல்லியதாக இழுத்தால் கிழியும்.

பிறகு பதினாறு உருண்டை. இரண்டிரண்டாக எடுத்து உள்ளங்கையால் தட்டி, ஒன்றின் முகத்தில் மட்டும் எண்ணெய் தடவி, மற்றதை அதன்மேல் ஒட்டி, இரண்டையும் ஒரே சப்பாத்தியாக ஆறு அங்குலத்துக்குத் தேய்க்க வேண்டும். எண்ணெய் ஓரம்வரை போயிருக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விடாத தோசைக்கல்லில், நடுத்தரத் தீயில் போடுங்கள். ஒரு நிமிடத்தில் நடுவில் மெல்ல உப்பும். அதுதான் இரண்டும் பிரியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, இன்னும் அரை நிமிடம் விட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் விளிம்பில் நகம் கொடுத்து இழுத்தால் இரண்டு ரொட்டி. விரல் கொஞ்சம் சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஆறினால் பிரியாது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டுமே கல்லைப் பார்த்திருக்கும், உள்பக்கம் ஆவியில் வெந்திருக்கும். அந்த மிருது அதனால் வருவது. ரம்ஜான் மாதத்தில் சமோசா ஷீட் போடுகிறவர்களுக்கும், மாம்பழ ரசத்தோடு இரட்டை ரொட்லி சாப்பிடும் குஜராத்திகளுக்கும் இந்த வித்தை பழகியதே. பிரித்த ரொட்டிகளை அடுக்கி இட்லித் துணியில் சுற்றி வையுங்கள். பரிமாறும் முன் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் போதும்.

கறிக்கு மயிலாப்பூர் மாடவீதியில் அலைந்து பயனில்லை. கோல்டு ஸ்டோரேஜ் கடைகளில் கேளுங்கள். அல்லது புறநகர்ப் பக்கம் வெண்பன்றி இறைச்சி என்று போர்டு மாட்டிய கடைகள் இருக்கும். எலும்பில்லாமல், கொழுப்பு குறைவாக, முழுத் துண்டாக வாங்குங்கள். குழம்புக்கு வெட்டுவதுபோல் வெட்டிவிட்டால் இதற்கு ஆகாது. இந்தக் கறி இந்தப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழியில் கள்ளோடு கிடைப்பது, குழியில் நிறுத்தி நெல் மாவு ஊட்டிக் கொழுக்கவைத்த பன்றியின் கறி.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது மூளைப் புழு. இதில் எல்லாரும் பாதிதான் சொல்கிறார்கள். புழுக்கட்டி உள்ள கறியை வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையைப் பிடிக்கும் நோய் வேறு வழியாக வருகிறது: நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, கெட்ட தண்ணீர், பச்சைக் காய்கறி மூலம் வாய்க்குள் போவதால். அதனால்தான் பிறந்ததிலிருந்து கறி தொடாதவர்களுக்கும் வருகிறது. வேலூர் சி.எம்.சி. பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் இது. ஆகவே கறியை முழுக்க வேகவிடுங்கள்; மெல்லிய துண்டு என்பதால் அது சுலபம். அதைவிட, வெள்ளரியையும் கோஸையும் நன்றாகக் கழுவுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை மரக்காளானுக்கு. பாக்கெட்டில் பிளாக் ஃபங்கஸ் என்று இருக்கும், கொரோனா கால ஞாபகத்தில் பயப்பட வேண்டாம். உலர்ந்த காளான் ஒரு சின்னக் கைப்பிடி போதும், பல மடங்கு ஊதிவிடும். ஆனால் கொண்டைக்கடலைபோல் ராத்திரியே ஊறப்போடாதீர்கள். சென்னை வெக்கையில் நெடுநேரம் ஊறினால் ஒரு வகைப் பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும்; சீனத்தில் உயிரே போயிருக்கிறது, சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வெந்நீரில் அரை மணி நேரம் போதும். அடியில் இருக்கும் கெட்டிக் காம்பைக் கிள்ளிப் போடுங்கள்.

மீதி விறுவிறுவென்று. கறியை ஃப்ரீசரில் பாதி உறையவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, சோயா சாஸ், ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார், கொஞ்சம் தண்ணீர் போட்டுப் பிசறி கால் மணி வையுங்கள். கார்ன்ஃப்ளார் மேலே படிந்து சாற்றை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரும்பு வாணலியைப் புகை வரக் காயவைத்து, மூன்று முட்டையைப் பொரித்துத் தனியே எடுங்கள். பிறகு கறி, அதையும் இரண்டு தடவையாகப் போடுங்கள். வீட்டு அடுப்பின் தீ ஓட்டல் தீ அல்ல. மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிர வதங்காது. கறி வெந்தபின் இஞ்சி, பூண்டு, காளான், கோஸ். கடைசியில் வெள்ளரியும் முட்டையும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் கறார். ரொட்டிக்கு இடையில் தடவ நம் நல்லெண்ணெய் அருமை. இறக்கும்போது ஊற்றுவது வறுத்த எள்ளில் ஆட்டிய கருத்த எண்ணெய். செக்கு நல்லெண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. ஹூண்டாய் வந்த பிறகு கொரியர்கள் இங்கே குடியேறியதால் கொரியக் கடைகளில் கிடைக்கிறது. இல்லையென்றால் எள்ளைப் பொரிய வறுத்து இடித்துத் தூவுங்கள், பாதி தூரமாவது போகலாம்.

ரொட்டியின் பழுப்புப் புள்ளி வெளியே இருக்கட்டும். சாஸை ஒரு கோடாக இழுத்து, இரண்டு ஸ்பூன் கறி வைத்து, கீழ்முனையை முதலில் மடித்துவிட்டு அப்புறம் சுருட்டுங்கள். இல்லையென்றால் சாறு முழங்கைவரை வழியும்.