துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு காது

"மேக் ரெடி" என்கிறார் ரேஞ்ச் ஆபீசர். போட்டியாளர் கைத்துப்பாக்கியில் மேகசினைப் பொருத்தி, இடுப்பு உறையில் செருகிவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். "ஆர் யூ ரெடி?" மறுப்பு வராவிட்டால் தயார் என்று பொருள். "ஸ்டேண்ட் பை." அதன்பின் ஒரு மௌனம். அது ஒரு விநாடிக்கும் நான்கு விநாடிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்கிறது விதி. திடீரென்று போட்டியாளரின் தோளுக்குப் பின்னால், ஆபீசரின் உள்ளங்கையில் அடங்கியிருக்கும் சிறு பெட்டி 'பீப்' என்று அலறுகிறது.

அடுத்த பதினைந்து, இருபது விநாடிகளுக்கு ஒரே ஓட்டம். தடுப்புக்குப் பின்னால் குனிந்து இரண்டு வெடி, ஜன்னல் வழியாக நான்கு, ஓடிக்கொண்டே மேகசின் மாற்றம், மறுபடி வெடி. பெட்டியை ஏந்தியபடி ஆபீசரும் பின்னாலேயே போகிறார். எல்லாம் அடங்கியதும் திரையில் ஓர் எண் நிற்கிறது: 18.46. அதை நிறுத்துவதற்கு யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பெட்டி ஒவ்வொரு வெடியையும் தானே கேட்டு, கேட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தது. கடைசியாகக் கேட்ட வெடியின் நேரம்தான் போட்டியாளரின் நேரம்.

இந்தப் பெட்டிக்கு ஷாட் டைமர் என்று பெயர். பிராக்டிக்கல் ஷூட்டிங் என்ற விளையாட்டில் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பேன். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கத் தொடங்கினால், பள்ளிக்கூடத்து ஒலியியல் பாடம் முழுக்க ஒரு சுற்று வந்துவிடுகிறது.

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒலிம்பிக்கில் வேகம் சம்பந்தப்பட்ட துப்பாக்கிப் போட்டி என்றால் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். 2012 லண்டனில் நம் விஜய் குமார் வெள்ளி வென்றாரே, அதுதான். அங்கே 8, 6, 4 விநாடிகள் என்று கெடு உண்டு. கெடுவுக்குள் ஐந்து குண்டுகளைச் சுட்டுவிட்டால் போதும், எவ்வளவு முன்னதாக முடித்தாலும் கூடுதல் பலன் இல்லை. 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில், ஜெஃப் கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு உருவான ஐபிஎஸ்சி என்ற பிராக்டிக்கல் ஷூட்டிங் அமைப்பின் போட்டிகளில் கணக்கே வேறு. இலக்கு அட்டையின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி, தள்ளிப் போகப் போகக் குறையும். மொத்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். வருகிற ஈவுதான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. புள்ளிக்கு இருக்கும் மரியாதை நேரத்துக்கும் உண்டு என்பதால், அந்த நேரத்தைச் சொல்லும் பெட்டி தப்பாகச் சொன்னால் இலக்கு அட்டையையே மாற்றிவைத்த மாதிரிதான்.

ஆரம்பகாலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. 1950-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் கூப்பர் நடத்திய போட்டிகளில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்; எதிரே ஆளுக்கு ஒரு பலூன். எந்தப் பலூன் முதலில் உடைகிறது என்று பார்த்தால் தீர்ந்தது. ஆட்டம் வளர்ந்து, ஒருவரே பத்து இருபது குண்டுகள் சுட வேண்டிய களங்கள் வந்தபோது ஸ்டாப்வாட்ச் தேவைப்பட்டது. கையால் அழுத்தும் கடிகாரத்தின் லட்சணம் தடகளக்காரர்களுக்குத் தெரியும். 100 மீட்டர் ஓட்டத்தைக் கையால் அளந்த பழைய நேரங்களை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடியைக் கூட்டிக்கொள்வது அங்கே வழக்கம். துப்பாக்கிப் போட்டியில் நிலைமை இன்னும் மோசம். ஓட்டத்தில் முடிவுக்கோடு கண்ணெதிரே இருக்கிறது. இங்கே இதுதான் கடைசி வெடி என்பது அடுத்த வெடி வராதபோதுதான் தெரியும்.

டைமர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, 'கடிகாரம் எவ்வளவு துல்லியம்?' என்பது. கேட்க வேண்டியதில்லை. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஒரு நாளுக்கு ஒன்றரை, இரண்டு விநாடி தவறும். இருபது விநாடி ஓட்டத்தில் அந்தத் தவறு பத்தாயிரத்தில் நான்கு பங்கு விநாடி. போட்டியில் எழுதுவதோ நூறில் ஒரு பங்கு வரைக்கும்தான். ஆக, எந்த டைமரின் கடிகாரமும் போதும். நாம் காசு கொடுப்பது அதன் காதுக்கு.

அந்தக் காதின் வேலை எளிதாகத் தோன்றும். மைக்கில் வரும் ஒலியழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் 'வெடி' என்று குறித்துக்கொள், அவ்வளவுதான். ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, சுடுபவரின் காதருகே 160 டெசிபல் அளவுக்கு வெடிக்கிறது. வெடிப்பு நீடிப்பது சில மில்லிவிநாடிகள். பக்கத்துக் களத்தில் இருபது மீட்டர் தள்ளி இன்னொருவர் சுடுகிறார் என்று வையுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் நம் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் அந்தச் சத்தத்தின் அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துதான் வந்து சேரும். டெசிபலில் 26 குறைவு. வரம்பைச் சரியாக வைத்தால் பக்கத்துக் களத்தை வடிகட்டிவிடலாம். இதற்குத்தான் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி. இந்த வசதி இல்லாத டைமரை வெளியே எடுத்துப் போகவே வேண்டாம்.

தூரத்துச் சத்தத்தை விடப் பெரிய எதிரி நம் சொந்த வெடியின் எதிரொலி. தீபாவளியன்று குறுகிய தெருவில் லட்சுமி வெடி வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு வெடி இரண்டாகக் கேட்கும். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி ஒரு கான்கிரீட் சுவர் இருந்தால் போய் முட்டித் திரும்ப 0.06 விநாடி. உள்ளரங்கில் பயிற்சி செய்பவர்களுக்குச் சுவர் ஒன்றல்ல. பக்கச் சுவர்கள், கூரை, தரை எல்லாமே திருப்பி அனுப்பும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆறு குண்டு சுடும் பயிற்சி. முடிந்ததும் டைமரின் நினைவகத்தைத் திருப்பிப் பார்த்தால் இப்படி வருகிறது: 1.48, 1.71, 1.93, 2.16, 2.38, 2.61, 2.67. சுட்டது ஆறு, எழுதியிருப்பது ஏழு! இடைவெளிகளைப் பாருங்கள். 0.23, 0.22, 0.23, 0.22, 0.23 என்று மிருதங்கக்காரர் கை மாதிரி சீராகப் போய்க்கொண்டிருந்தவர் கடைசியில் மட்டும் 0.06-ல் சுட்டிருக்க முடியாது. உலகத்தரமான கைகளுக்கே ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் 0.12 முதல் 0.20 விநாடி ஆகும். அந்த ஏழாவது 'வெடி' சுவர் சுட்டது. 0.06-ஐ 343-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் சுவர் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. மற்ற ஐந்து வெடிகளின் எதிரொலி ஏன் பதிவாகவில்லை? எதிரொலி வரம்பின் விளிம்பில் நிற்கும் சத்தம். டைமரைப் பிடித்த கை சற்றுத் திரும்பினாலே ஒரு முறை தாண்டும், ஒரு முறை தாண்டாது.

விளைவு என்ன? ஆறும் நடுவில் பட்டு 30 புள்ளி என்றால், 2.61-க்கு ஈவு 11.49, 2.67-க்கு 11.24. சுவர் செய்த வேலையால் இரண்டு சதவீதத்துக்கு மேல் பறிபோகிறது. நேரத்தை அதிகாரபூர்வமாகச் சொல்வது ஆபீசர் கையிலிருக்கும் டைமர் ஒன்றுதான் என்பதால், பதிவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ள ஆபீசர் கிடைப்பது போட்டியாளரின் பாக்கியம்.

இதற்கு டைமர்கள் வைத்திருக்கும் மருந்து, ஒரு வெடியைக் கேட்டதும் சற்று நேரம் காதைப் பொத்திக்கொள்வது. 0.08 விநாடி பொத்திக்கொண்டால் மேற்படி சுவர் ஏமாந்துபோகும். அதிகமாகப் பொத்தினாலும் ஆபத்து. நிமிடத்துக்கு நூறு தட்டு என்ற காலப்பிரமாணத்தில் 'தகதிமி' சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் 0.15 விநாடி. நல்ல சுடுநர் விசையை இழுப்பது அந்த வேகத்தில்தான். 0.2 விநாடி பொத்திக்கொள்ளும் டைமர் 'தகதிமி'யில் 'க'வையும் 'மி'யையும் விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது கடைசி வெடியாக இருந்தால் போட்டியாளருக்கு இலவசமாக நேரம் கிடைக்கும். அது எதிராளிக்குச் செய்யும் அநியாயம். இந்தப் பொத்தும் நேரத்தை இடத்துக்கு ஏற்ப மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். உள்ளரங்கில் பயிற்சி செய்பவருக்கு இதைவிட முக்கியமான அம்சம் கிடையாது.

டைமர் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஆபீசர் 3.4 மீட்டர் பின்தங்கிவிட்டால் வெடிச்சத்தம் அவரை எட்டவே நூறில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. ஓட்டக் களங்களில் அனுபவமுள்ள ஆபீசர் கடைசி வெடிக்குள் போட்டியாளரை நெருங்கிவிடப் பார்ப்பார்.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு: சத்தமே போதாத துப்பாக்கிகள். 1981-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஸ்டீல் சேலஞ்ச் போட்டிகளில் .22 சிறுகுழல் துப்பாக்கிகளும் வருகின்றன. அவற்றைக் கேட்க உணர்திறனைக் கூட்டினால், குண்டு இரும்புத் தட்டில் பட்டு எழுப்பும் 'டங்'கையும் டைமர் வெடி என்று எண்ணக்கூடும். நிஜத் துப்பாக்கி வைத்திருப்பது கடினமான இடங்களில் பிளாஸ்டிக் குண்டு தள்ளும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலேயே இதே விளையாட்டு வளர்ந்திருக்கிறது. அதற்கான முதல் ஐபிஎஸ்சி உலகப் போட்டி 2018-ல் ஹாங்காங்கில் நடந்தது. அந்தத் துப்பாக்கிக்குக் கைதட்டல் அளவு சத்தம். பெரிய வெடிக்காகவே செய்த டைமர் அங்கே செவிடு.

கைபேசிச் செயலி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசி மைக் பேச்சுக்காகப் பிறந்தது. பொதுவாக 120 டெசிபல் வாக்கில் அதன் தாங்குதிறன் முடிந்துவிடும். 160 டெசிபல் என்பது அதைப்போல நூறு மடங்கு அழுத்தம். பேச்சைச் சீராக்க அது தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பழக்கமும் கொண்டது. முதல் வெடிக்கு மிரண்டு ஒலியைக் குறைத்தால் இரண்டாவது தவறலாம். வீட்டில், தோட்டாவே இல்லாமல் உருவிக் குறிபார்க்கும் வெறும் பயிற்சிக்கு மட்டும் செயலி போதும். அங்கே கேட்க வேண்டியதில்லை. ஒரு பீப், குறித்த நேரம் கழித்து இன்னொரு பீப், அதற்குள் முடிக்க வேண்டும்.

அந்தப் பீப்புக்கு வருவோம். டைமருக்குக் காது மட்டும் இருந்தால் போதாது, தொண்டையும் வேண்டும். களத்தில் எல்லோரும் காதுமூடி அணிந்திருக்கிறார்கள். அது 20 முதல் 30 டெசிபல் வரை விழுங்கும். இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. பலத்த சத்தத்தால் கெடும் செவித்திறன் முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். மலிவான பீப் ஒலிப்பான்கள் கத்துவது பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள். பல ஆண்டு சுட்டவர், காதைப் பேணாதவர் என்றால், அவருக்கு எந்தச் சுருதி தேய்ந்திருக்கிறதோ அதே சுருதியில் கூப்பிடுகிறது பெட்டி. கடையில் டைமரைக் கையில் எடுத்தால் காதுமூடியைப் போட்டுக்கொண்டு அதை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். பீப்பின் சுருதியை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

பீப்புக்கு முன்னால் வரும் மௌனத்தின் நீளம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஒலி கேட்டு விரல் அசைய மனிதனுக்குச் சுமார் 0.15 விநாடி ஆகிறது. 1879-ல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய உளவியல் ஆய்வகத்தில் ஹிப் குரோனோஸ்கோப் என்ற கருவியை வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அளவில் இதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். மௌனம் எப்போதும் மூன்று விநாடி என்றால் மூளை எண்ணத் தொடங்கிவிடும். பீப்பும் கையும் ஒன்றாகக் கிளம்பும். அப்படிப் பயிற்சி எடுத்தவர் வீட்டில் சூரர், போட்டியில் தடுமாறுவார். தடகளத்தில் 0.1 விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்பதும் இதே காரணத்தால்தான். தனியாகப் பயிற்சி செய்பவர் டைமரைத் தற்செயல் தாமதத்தில் வைத்துவிட்டு அந்த அமைப்பை மாற்றவே கூடாது.

சந்தையில் பேக்ட், பாக்கெட் ப்ரோ போன்ற பழைய பெயர்கள் 9 வோல்ட் மின்கலத்தில் ஓடுகின்றன. எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பது அதன் பலம். சிஇடி 7000 சிறியது, கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், மின்னேற்றிக்கொள்ள வேண்டும். எஸ்ஜி டைமர் போன்ற புதியவை புளூடூத்தில் கைபேசிக்கு எண்களை அனுப்புகின்றன. நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போகிறவர் திரையை வெயிலில் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

வாங்கியபின் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு அணைப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது. கூப்பர் வகுத்த 'எல் பிரெசிடென்டே' பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: முதுகு காட்டி நின்று, திரும்பி, மூன்று இலக்குகளில் இரண்டிரண்டு குண்டு, மேகசின் மாற்றி மறுபடி இரண்டிரண்டு. ஒருவர் 5.50 விநாடியில் முடிக்கிறார் என்றால் உள்ளே இப்படி இருக்கலாம்: திரும்பி உருவி முதல் வெடிக்கு 1.50. ஒரே இலக்கில் அடுத்தடுத்த வெடிகளுக்கு 0.20 வீதம் ஆறு முறை, 1.20. இலக்கு விட்டு இலக்கு தாவ 0.30 வீதம் நான்கு முறை, 1.20. மேகசின் மாற்றம் 1.60. விசையை இன்னும் வேகமாக இழுக்கப் பழகி 0.20-ஐ 0.18 ஆக்கினால் மொத்தத்தில் 0.12 விநாடிதான் மிச்சம். ஆறாவது வெடிக்கும் ஏழாவது வெடிக்கும் நடுவில் உள்ள அந்த 1.60-ல், பழைய மேகசின் நழுவி விழும் வரை புது மேகசினைத் தேடி இடுப்புக்குக் கை போகாமல் சும்மா இருக்கிறது.