வெயிலும் யூரியாவும்: தக்காளிச் செடியின் வருத்தமறிந்து பசளையிடும் முறை

மாரி மழையை நம்பி நெல்லும், அறுவடைக்குப் பின் கிணற்று நீரை நம்பித் தோட்டப் பயிரும் செய்வது மடத்துவெளி முதலிய தீவக ஊர்களின் வழக்கமாகும். இவ்விரு வகைப் பயிருக்கும் கமக்காரர் கையிலிருப்பது பெரும்பாலும் ஒரே யூரியா மூடையே. மழை ஓய்ந்ததும் வெளிறிய நெல்லுக்கு யூரியா எறிகின்றோம்; நெல் சில நாளிற் கரும்பச்சை கொள்கின்றது. அவ்வழக்கத்தையே தக்காளிப் பாத்தியிலும் கையாளும்போது சில வேளைகளில் மாறான பலனைக் காண்கின்றோம். செடி தேறுவதற்குப் பதிலாக இலைக்காம்பு கவிழ்கின்றது, பூ உதிர்கின்றது, வேர் பழுப்பேறுகின்றது. யூரியா கெட்டது என்பது இதன் பொருளன்று. வருந்திக்கொண்டிருந்த செடிக்கு வேளையறியாமல் அஃது இடப்பட்டது என்பதே பொருள். இதன் காரணத்தை விளக்கி, செய்யத்தக்கவற்றைக் கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. செடியினுள்ளே செல்லும் செய்திகள்

செடிக்கு நரம்பில்லை, ஆயினும் வேருக்கு நேர்ந்த இடரை இலை அறிந்துகொள்கின்றது. இச்செய்தியைக் கொண்டுசெல்வன ஓமோன்கள் எனப்படும் பொருள்கள். மிகச் சிறிய அளவிற் சுரந்து பெரிய மாற்றங்களை விளைவிப்பது இவற்றின் இயல்பு. வருத்தக் காலத்தில் மிகுவனவற்றுள் இரண்டைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, அப்சிசிக் அமிலம். இது 1960களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது. வாடிய கோதுமை இலைகளில் இதன் அளவு விரைந்து ஏறுவது 1969இற் காட்டப்பட்டது. இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் பல உள. அவற்றை மூடி நீர் வெளியேறாமற் காப்பதே இவ்வமிலத்தின் முதன்மையான தொழில். இதனை விளங்கவைத்ததில் தக்காளிக்கும் பங்குண்டு. ‘பிளாக்கா’ என்னும் ஒரு தக்காளி வகை, மண்ணில் ஈரமிருந்தும் வாடும் இயல்புடையது. அதன் உடலில் அப்சிசிக் அமிலம் குறைவு. இஸ்ரேலிய ஆய்வாளரான இம்பரும் தாலும் அவ்வமிலத்தை அச்செடிக்குத் தெளித்தபோது அது வாடாது நின்றது என 1970இல் அறிவித்தனர்.

இரண்டாவது, எதிலீன் என்னும் வாயு. வாழைக்குலையைக் குழியில் வைத்து மூடிப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் முறையை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். அப்புகையிலுள்ள எதிலீனே காயைப் பழுக்கச் செய்கின்றது. செடியும் தன்னுள்ளே இவ்வாயுவை ஆக்குகின்றது. அளவோடு இருப்பின் பழம் பழுக்கும். வருத்தத்தால் மிகுந்தால் இலைக்காம்பு கீழ்நோக்கி வளையும், அடியிலை மஞ்சளாகும், பூக்காம்பு கழன்று பூ உதிரும்.

2. நைதரசனின் இரு வடிவங்கள்

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 50 கிலோகிராம் மூடையில் 23 கிலோகிராம் நைதரசன் அடங்கும். மண்ணிலுள்ள நொதியத்தால் யூரியா சில நாட்களுள் அமோனியமாக மாறும். பின்னர் மண்ணுயிர்கள் அந்த அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். நல்ல காற்றோட்டமும் அளவான ஈரமும் உள்ள மண்ணில் இது தடையின்றி நடைபெறும்.

நெல்லும் தக்காளியும் வேறுபடும் இடம் இதுவேயாகும். நீர் நிற்கும் வயலில் வாழப் பழகிய நெல், அமோனியத்தை நன்கு உண்ணும். தண்டிலுள்ள காற்றுக்குழாய்களால் தன் வேருக்குக் காற்றையும் அனுப்பிக்கொள்ளும். தக்காளிக்கு அவ்வாற்றல் இல்லை. அது நைத்திரேற்றை விரும்பும் பயிர். அமோனியம் சிறிது கலந்திருப்பின் ஏற்றுக்கொள்ளும். அதுவே மிகுந்தால் நஞ்சாகும். அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்திற் பார்க்கர் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும் செய்த சோதனைகளில், அமோனியம் மிகுதியாக ஊட்டப்பட்ட தக்காளிச் செடிகள் எதிலீன் வாயுவைக் கூடுதலாக வெளிவிட்டன. பொற்றாசு நன்கு கிடைத்த செடிகளில் இத்தீங்கு குறைந்தது. யூரியாவை மாத்திரம் இட்டுப் பொற்றாசை மறப்போர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

3. ஒளியின் பங்கு

இலையிலுள்ள நைதரசனின் பெரும்பங்கு, ஒளியைக் கொண்டு உணவாக்கும் பச்சையுறுப்புக்களிலேயே தங்கியிருக்கின்றது. நைத்திரேற்றை உடலுக்கேற்ற பொருளாக மாற்றுவதற்கும் ஒளியால் வரும் வலு வேண்டும். ஆகையால் ஒளியும் நைதரசனும் ஒன்றுக்கொன்று ஒத்த அளவில் இருத்தல் அவசியம். அவ்வொத்த அளவு மூன்று வகையாகக் கெடும்.

(அ) ஒளி மிகுந்து நைதரசன் குறைதல்: இலை தன்மேல் விழும் ஒளி முழுவதையும் பயன்படுத்த இயலாது. பல பயிர்களில் நைதரசன் பற்றாக்குறை அப்சிசிக் அமிலத்தைக் கூட்டுவதாகக் கண்டுள்ளனர். இலைவாய் சுருங்கும், வளர்ச்சி நிற்கும், அடியிலை வெளிறும், தண்டில் ஊதா நிறம் ஏறும்.

(ஆ) ஒளி குறைந்து நைதரசன் மிகுதல்: முகில் மூடிய மார்கழி நாட்களிலும், நெருக்கி நட்ட பாத்திகளிலும், நிழலிலே வைத்த நாற்றுமேடைகளிலும் இந்நிலை உண்டாகும். செடி மெலிந்து நீளும். இலை மென்மையாய்க் கருமை கொள்ளும். சாற்றில் நைத்திரேற்று தேங்கும். இத்தகைய நாற்று, வெயிலில் நட்ட அன்றே துவளும்.

(இ) கடும் ஒளியில் அமோனியம் மிகுதல்: தக்காளியிற் செய்த சோதனைகளில், அமோனியம் மட்டுமே ஊட்டிய செடிகள் நிழலினும் கடும் ஒளியிலேயே கூடுதலாகக் குன்றின. மாசி, பங்குனி வெயிலில் ஒரே முறையிற் பெருமளவு யூரியாவை இடுவோர் இக்கேட்டையே அழைக்கின்றனர்.

4. வெள்ளமும் உவரும்

தீவகத்தில் மேலும் இரண்டு இடர்கள் இவற்றுடன் சேர்கின்றன.

மாரியில் தாழ்ந்த பாத்திகளில் நீர் நிற்கும். வேருக்குக் காற்று அற்றதும், எதிலீனுக்கு முன்னோடியான ஒரு பொருள் வேரில் மிகுந்து, சாற்றுடன் மேலேறி, இலையிற் காற்றுடன் கூடி எதிலீனாக மாறுகின்றது. இதனைக் கலிபோர்னியாவில் பிராட்போர்டும் யாங்கும் தக்காளியிலேயே ஆராய்ந்து 1980இல் வெளியிட்டனர். வெள்ளத்திற்குப் பின் தக்காளியிலை வாடாமலே குடைபோலக் கவிழ்ந்து நிற்பதன் காரணம் இதுவே. நீர் நிற்கும் மண்ணில் அமோனியம் நைத்திரேற்றாக மாறுவதும் நின்றுவிடும். அந்த வேளையில் யூரியா இடுவது, மூச்சுத் திணறுபவனுக்குச் சோறூட்டுவதை ஒக்கும்.

கோடையில் கிணற்று நீர் உவர்க்கும். உப்பு மிகுந்த மண்ணில் வேர் நீரை உறிஞ்ச இடர்ப்படுவதால் அப்சிசிக் அமிலம் ஏறும். உப்பானது நைத்திரேற்றை ஆக்கும் மண்ணுயிர்களையும் தளர்த்தும். எனவே இட்ட யூரியா அமோனியமாகவே நெடுநாள் நிற்கும். உப்பிலுள்ள குளோரைட்டும் நைத்திரேற்றும் வேரினுட் புகப் போட்டியிடும். இங்ஙனம் வெயில், உவர், அமோனியம் ஆகிய மூன்றும் ஒரே செடியின்மேல் ஒருங்கே விழுகின்றன.

5. செடியைப் பார்த்து அறியும் விதம்

பசளைப் பையைத் திறக்குமுன் காலையிலும் மாலையிலும் பாத்தியைச் சுற்றிப் பார்க்குக.

நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால், வேர் இலையின் தேவைக்கு ஈடாக நீர் வழங்கவில்லை என்பது கருத்து. நீரையும் உவரையும் கவனிக்க.

இலை விறைப்பாயிருந்தும் காம்பு கீழ்நோக்கி வளைந்தால், எதிலீன் மிகுந்துள்ளது. நீர் தேங்கியுள்ளதா, அண்மையில் யூரியா மிகுதியாக இடப்பட்டதா என ஆராய்க.

அடியிலை சீராக வெளிறி, தண்டு மெலிந்து ஊதா கொண்டால், நைதரசன் போதாது; பசளை இடத்தக்க வேளை இதுவே.

மாலையிலும் நிமிராது பச்சையாகவே செடி முற்றும் துவண்டால், பற்றீரிய வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுக. பால்போன்ற இழை வழிந்தால் செடியை வேரோடு அகற்றி எரித்தல் வேண்டும். இலை மேனோக்கிச் சுருண்டு மஞ்சளாகிச் சிறுத்தால், அது வெள்ளை ஈயால் பரவும் இலைச்சுருள் நோய். இவ்விரு நோய்க்கும் யூரியா மருந்தன்று.

6. செய்யவேண்டியவை

நாற்றுமேடையைக் கிடுகால் மூடியிருப்பின், நடுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்பிருந்து மூடலை நாளுக்கு நாள் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்குக. அவ்வாரத்தில் நாற்றுக்கு யூரியா இடற்க. நீரையும் சிறிது குறைக்குக. நடுகையை மாலையில் வைத்துக்கொள்க.

மாரியில் நடுவதாயின் மேட்டுப் பாத்தி அமைத்து வடிகால் வெட்டுக. வெள்ளம் வடிந்த பின் முதலில் மண்ணைக் கொத்திக் காற்றுப் புகச் செய்க. புதிய தளிர் நேராக எழும் வரை பசளை இடாது பொறுத்திருக்க.

பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்ட யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுக. சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணின் மேற்பரப்பில் தூவிய யூரியா, அமோனியா வாயுவாகிக் காற்றிற் கலந்து வீணாகும். ஆதலின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு சால் இழுத்து, அதில் இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்சுக. உரிய பொற்றாசையும் உடன் இடுக.

உவர்நீர் பாய்ச்ச நேர்ந்தால் மண் காய்ந்து உப்புப் பூக்க விடற்க. அளவான நீரை இடைவெளி குறைத்துப் பாய்ச்சுக. உச்சி வெயிலில் இலைமேல் நீர் படாது காக்குக. வைக்கோல், காய்ந்த பனையோலை, குழை முதலியவற்றாற் பாத்தியை மூடினால் ஈரம் நிற்கும், வேரும் குளிரும். நன்கு மக்கிய மாட்டெருவும் ஆட்டெருவும் நைதரசனைச் சிறிது சிறிதாக விடுவிப்பதால், அமோனியம் ஒருங்கே பெருக இடமில்லை.

ஐயமிருப்பின், ஒரு பாத்திக்கு மேற்பசளை இட்டு அடுத்த பாத்திக்கு ஒரு வாரம் பிந்தி இடுக. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கமக்காரருக்குத் தம் மண்ணே விடை கூறும்.

7. கிணற்றையும் நினைக்க

செடி உண்ணாத நைதரசன் மறைந்துபோவதில்லை. அது நைத்திரேற்றாகி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கள் வழியே நிலத்தடி நீரைச் சேர்கின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980கள் முதற்கொண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தையின் குருதி, உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நன்னீர்க் கிணறுகள் அருகிய தீவகத்தில் இதனைச் சிறு காரியமாகக் கருதலாகாது. நைத்திரேற்று நீரைக் கொதிக்கவைப்பதால் நீங்குவதுமில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் யூரியாவின் அருமையை யாவரும் உணர்ந்தனர். அருமையான பொருளைப் பயிர் உண்ணாத வேளையில் இடுவது பணத்தையும் கிணற்றையும் ஒருங்கே கெடுப்பதாகும். வருந்தும் தக்காளிக்கு முதலில் வேண்டுவது வேருக்குக் காற்றும், உவர் குறைந்த நீரும், பொறுத்த நிழலுமே. அது தேறித் தளிர்த்த பின்னரே யூரியா. மண்ணின் தன்மை, பசளையின் அளவு, கிணற்று நீரின் உவர் ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுவாராக.