பின் இறக்கை தெரியுதா சார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து பாஸ் போடுவது என் பிழைப்பு. ராத்திரியில் அயப்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பது பொழுதுபோக்கு. பெரிய செலவில்லை. துணிக்கொடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டி, எதிரே ஒரு பல்பு. மழை விட்ட, நிலா இல்லாத, புழுக்கமான ராத்திரி என்றால் வேட்டி நிறைய விருந்தாளிகள்தான்.

வந்து உட்காருகிறவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 1,300 வகை. அந்துப்பூச்சிகள் 10,000-க்கும் மேல். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்து பூச்சிகளிடம் மாட்டிக்கொண்ட ஜார்ஜ் ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதி வைத்தார். அதைப் புரட்டிப் பெயர் கண்டுபிடிக்கும் படிப்பு எனக்கில்லை. எனக்கு ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம்தான் கதி. 2008-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் படிப்புக்காகச் செய்த ப்ராஜெக்ட், இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

படம், இடம், தேதி மூன்றையும் ஏற்றியதும் கம்ப்யூட்டர் ஒரு ஊகம் சொல்லும். பிறகு மனிதர்கள் வருவார்கள். குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் ‘ஆய்வுத் தரம்’ கிடைக்கும். இரண்டு கையெழுத்து இல்லாமல் பாகத்தை வெளியே அனுப்பாத இடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இந்த முறை பிடிக்காமல் போகுமா?

கம்ப்யூட்டர் படத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறது. இல்லாததைக் கேட்பவர்கள் மனிதர்கள். பழுப்பாக ஒன்றைப் போட்டால், “பின் இறக்கை தெரியுதா சார்?” என்று எங்கிருந்தோ ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு வளர்ந்து அந்தாகி உட்கார்ந்தால் வெறும் சருகு நிறம். பறக்கக் கிளம்பும்போதுதான் பின் இறக்கையின் கறுப்பும் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டையும் தெரியும். அடுத்த கேள்வி: “எந்தச் செடியில இருந்துச்சு?” அரளியோ நந்தியாவட்டையோ என்று சொல்லி, முன்னுடம்பில் இரண்டு நீலக்கண் போட்ட பச்சைப் புழுவைக் காட்டினால், டாஃப்னிஸ் நெரீ என்று பதில் வர நேரமாகாது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவோடு ஓடிவந்தார். “தம்பி, வேற்றுக்கிரகத்துப் பூச்சியாமே, கடிச்சிடுமா?” வயிற்று நுனியில் மயிரடர்ந்த நான்கு குழாய்களை ஊதிக்கொண்டு நின்றது அது. கிரியட்டோனோட்டஸ் கேங்கிஸ்; இந்தியாவில் இருப்பதுதான், கடிக்காது. ஆண் பூச்சி பெண்ணை அழைக்க மணம் பரப்புகிறது. புழுவாக இருந்தபோது சில செடிகளிலிருந்து தின்ற நச்சுப்பொருள்தான் அந்த மணத்துக்கு மூலப்பொருள். அது கிடைக்காமல் வளர்ந்த ஆணுக்குக் குழாய்களும் சிறுத்தே போகும். “காதலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!” என்று அக்கா போனார்.

எல்லாவற்றுக்கும் இப்படி விடை கிடைக்காது. அரிசி அளவுப் பூச்சிகள் பலவற்றைப் பிரித்துச் சொல்ல, இனப்பெருக்க உறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பேரினத்தோடு, சமயத்தில் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களைவிட இவர்களைத்தான் நான் நம்புகிறேன். அப்படி நின்றுபோன படங்களோடு, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த இன்னொன்றையும் சேர்த்துவிடுவேன். அளவு சொல்லாத படம் எனக்கு ஆகாது.